எலி மூக்கின் மேல் என்ன இளக்காரம்?

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மொத்தம் ஆறு பேரை வைத்து எழுதியது. அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. கை நடுக்கம், முன்னால் வளைந்த உடம்பு, தன்னையறியாமல் ஓட்டமாக மாறும் நடை என எதையும் அந்தக் கண்கள் தவறவிடவில்லை. ஆனால் நோய்க்கு இலக்கணம் சொல்லும் இடத்தில், புலன்களுக்கும் அறிவுக்கும் பழுதில்லை என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். மூக்கும் ஒரு புலன்தான். அந்த மூக்கில் எதையாவது நீட்டி, ‘இது என்ன வாசனை?’ என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த நோயாளிகளின் முகர்திறன் மங்கியிருக்கிறது என்று அளந்து எழுதப்பட்டது 1975-இல். இடைப்பட்டது 158 ஆண்டு.

இன்று பார்க்கின்சன் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேரிடம் ஏதோ ஓர் அளவில் முகர்விழப்பு இருப்பது பாடப்புத்தகச் செய்தி. ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வொன்று, கை நடுங்குவதற்கு நான்கு ஆண்டுக்கு முன்பாவது மூக்கு மங்கத் தொடங்கிவிடலாம் என்று 2008-இல் காட்டியது. அல்சைமரிலும் நினைவு தடுமாறும் முன்பே மூக்கு தடுமாறுவது உண்டு.

பழைய கதையைக் கிளறக் காரணம் இருக்கிறது. மூக்கை 158 ஆண்டு மறந்திருந்த அதே புத்தி இன்று வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது. இப்போது அது எலியின் மூக்கைப் பழிக்கிறது. எலி மோப்பத்தால் பிழைக்கும் பிராணி, மனிதன் கண்ணால் வாழ்பவன்; எலிக்கு இந்த நோய்கள் தானாக வருவதே இல்லை, மரபணுவைத் திணித்து வரவழைத்தது நோயே ஆகாது; எலியைத் தேற்றிய மருந்து மனிதனிடம் தோற்றது; ஆகவே நரம்புச் சிதைவு நோய்களின் முகர்விழப்பை எலியில் ஆராய்வது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு. இதுதான் வாதம். விலங்குநேயர்கள் சொன்னால் புரிந்துகொள்ளலாம். படித்த மருத்துவர்களும் தேநீர் நேரத்தில் தலையாட்டுகிறார்கள். காற்றும் அந்தப் பக்கமே வீசுகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்கா புது மருந்துகளுக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற சட்டநிலையைத் தளர்த்தியது, 2023-இல் இந்தியாவும் விதிகளைத் திருத்தி மாற்று முறைகளுக்கு வழிவிட்டது. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் ஒரு மருந்தைச் சந்தைக்கு அனுப்பும் முன் என்ன சோதனை வேண்டும் என்பது ஒரு கேள்வி. ஒரு நோய் மூளைக்குள் எப்படி ஊர்கிறது என்று கண்டுபிடிக்க என்ன வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எழுதிய சட்டத்தைக் காட்டி இரண்டாவதின் வாயை அடைப்பது முறையல்ல.

முதலில் அந்த ‘மனிதன் கண்ணால் வாழ்பவன்’ என்ற பேச்சு. இது எங்கிருந்து வந்தது? 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் பால் பிரோக்கா விலங்கு மூளைகளை வரிசையாக வைத்து ஒப்பிட்டார். மனித மூளையின் முன்புறம் பெருத்திருந்தது. அதன் அடியில் முகர்குமிழ், அதாவது மூக்கு நரம்புகள் முதலில் வந்து சேரும் சிறு மொட்டு, ஒப்பளவில் சின்னதாகத் தெரிந்தது. மனிதனைப் பலவீனமான மூக்குக்காரர் பட்டியலில் தள்ளிவிட்டார். எந்த மனிதனுக்கும் எதையும் முகரக் கொடுத்துச் சோதித்துச் சொன்ன முடிவல்ல அது. மூளையின் அளவைப் பார்த்துக் கட்டிய ஊகம், பின்னால் வந்தவர்கள் வாயில் உண்மையாகிவிட்டது. 2017-இல் ஜான் மெக்கான் என்ற அமெரிக்க நரம்பியலாளர் இந்தக் கட்டுக்கதையின் வேரைத் தோண்டி ‘சயன்ஸ்’ இதழில் விரித்து எழுதினார். சுண்டெலி மூளையில் முகர்குமிழின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடு, மனித மூளையில் 0.01 விழுக்காடு என்பது உண்மை. ஆனால் மனிதக் குமிழ் சின்னதாகிவிடவில்லை. மற்ற மூளை பெரிதாகிவிட்டது. யானைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நானும் சின்னவன்தான், அதற்காக என் உயரம் குறைந்துவிடுமா?

பெர்க்லியில் ஒரு குழு செய்த குறும்பு எனக்கு எப்போதும் பிடிக்கும். சாக்லேட் மணம் ஏற்றிய நூலைப் புல்வெளியில் வளைத்து வளைத்துப் போட்டார்கள். மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதை மூடி, முழங்காலுக்கு மெத்தை கட்டி, நாலு காலில் நடக்கவிட்டார்கள். மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு 32 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் தடத்தைப் பிடித்துப் போய்விட்டார்கள். பழகப் பழக வேகமும் கூடியது. மோப்ப நாய்க்கு மட்டும் மோப்பம், நமக்கு வாசனை என்று மொழியிலேயே நாம் பிரித்து வைத்திருப்பது வெறும் கௌரவப் பிரச்சினை என்று தோன்றுகிறது.

கட்டமைப்பைப் பார்த்தால் உறவு இன்னும் நெருக்கம். 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் மண ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை எலிவகையில்தான் கண்டுபிடித்தார்கள். 2004 நோபல் பரிசு அதற்கே. மூக்கின் உச்சியில் உள்ள நரம்புச் செல்கள், சல்லடைபோல் ஓட்டை விழுந்த எலும்பின் வழியே மேலேறி, முகர்குமிழில் சின்னச் சின்ன உருண்டைகளாக முடிச்சுப்போடுகின்றன. அங்கிருந்து செய்தி நேரே மூளைப் புறணியின் பழைய பகுதிகளுக்குப் போகிறது. பார்வையும் செவிப்புலனும் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் இறங்கி ஏற வேண்டும், மணத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இந்த வழி சுண்டெலிக்கும் எனக்கும் ஒன்றே.

வேறுபாடுகளை மறைக்கப் போவதில்லை. வேலைசெய்யும் மண ஏற்பி மரபணுக்கள் சுண்டெலிக்கு ஆயிரத்துக்குமேல், நமக்கு நானூறு அளவில். எதிர்த்தரப்பின் கையில் இதைவிடப் பெரிய சீட்டும் உண்டு. அதை அவர்கள் இறக்காமல் இருப்பதுதான் வியப்பு. சுண்டெலியின் முகர்குமிழுக்கு வாழ்நாள் முழுதும் புது நரம்புச் செல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மனிதனுக்கு? அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பனை வைத்து ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2012-இல் கணக்குப் போட்டார்கள்: முகர்குமிழின் நரம்புச் செல்களுக்கு அந்த மனிதரின் வயதேதான். புதுவரவு கிட்டத்தட்ட இல்லை. இதனால் என்ன ஆகிறது? முகர்திறன் திரும்பிய சுண்டெலியைக் காட்டி ‘மனிதனுக்கும் திரும்பும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது தன் வீட்டைத் தினமும் பூசி மெழுகும் பிராணி. ஆனால் மணம் இழந்த சுண்டெலி வேறு விஷயம். இவ்வளவு புதுச் செல் வந்தும் அதற்கு மணம் மங்குகிறது என்றால், செல் சாவு மட்டுமே காரணம் என்ற எளிய விளக்கம் போதாது. வேறுபாடு தெரிந்தவனுக்கு அதுவே ஒரு கருவி.

‘எலிக்குத் தானாக வராத நோய்’ என்பதற்கு வருவோம். இதில் ஒரு சுவையான சங்கதி உண்டு. 1997-இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் பரம்பரைப் பார்க்கின்சனுக்குக் காரணமான மரபணுப் பிழை அகப்பட்டது. ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதத்தில் 53-ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், அங்கே திரியோனின் என்ற வேறொன்று வந்துவிட்டது. சரி, சுண்டெலியின் இயல்பான புரதத்தில் அந்த 53-ஆவது இடத்தில் இருப்பது என்ன? திரியோனின்! நம்மைப் படுக்கையில் தள்ளும் எழுத்துப்பிழையைச் சுண்டெலி பிறந்த நாள் முதல் சுமந்துகொண்டு சுகமாக ஓடுகிறது. ‘பார்த்தீர்களா, ஒப்பிடவே முடியாது’ என்று துள்ளுவார்கள். எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. 140 கண்ணிகள் கொண்ட அந்தப் புரதத்தில் எலிக்கும் மனிதனுக்கும் ஏழு இடங்களில்தான் மாற்றம். ஓர் எழுத்து தனியாகக் கொல்வதில்லை, அக்கம்பக்கத்து எழுத்துகளோடு சேர்ந்துதான் கொல்கிறது என்று இதை வைத்தே புரிந்துகொள்கிறோம். மனிதப் புரதத்தை உருவாக்கும் மரபணுவை எலிக்குள் வைத்துப் பார்ப்பதும் இதனால்தான். திணித்தல் என்று ஏசினாலும் சரி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றி என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குச் சோதனை என்று பெயர்.

அடிப்படைக் கோளாறு இன்னும் ஆழத்தில் இருக்கிறது. எந்த இனம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இவர்கள் நம்புகிறார்கள். அது தவறு என்று காட்ட எலி தேவையில்லை, மனிதர்களே போதும்.

1982-இல் கலிபோர்னியாவில் இளவயதினர் சிலர் திடீரென்று சிலைபோல உறைந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை, அச்சு அசல் முற்றிய பார்க்கின்சன். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துப்பறிந்தார். அவர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்ட கள்ளத்தனமான செயற்கைப் போதைமருந்தில் எம்பிடிபி என்ற நச்சு கலந்திருந்தது. உடம்பின் அசைவுக்கு வேண்டிய டோபமினைச் சுரக்கும் மூளைச் செல்களை அது தேடிப்பிடித்து அழிக்கிறது. ஆய்வுலகம் துள்ளியது, அதே நச்சைக் கொடுத்துக் குரங்கிலும் எலியிலும் பார்க்கின்சனை உண்டாக்க முடிந்தது. பத்தாண்டு கழித்து, முகர்விழப்பு ஆய்வில் முன்னோடியான ரிச்சர்ட் டோட்டி, லாங்ஸ்டனோடு சேர்ந்து, எம்பிடிபியால் முடங்கிய மனிதர்கள் சிலரின் மூக்கைச் சோதித்தார். அவர்களுடைய முகர்திறன் பெரும்பாலும் பழுதில்லாமல் இருந்தது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மனித மூக்கு, மனித மூளை, மனித நடுக்கம், எல்லாம் அசல். மாதிரி என்ற சொல்லுக்கே இடமில்லை. அவர்களை ஆயுள் முழுதும் ஆராய்ந்திருந்தாலும் பார்க்கின்சனில் மணம் ஏன் போகிறது என்று ஒரு வரிகூடத் தெரிந்திருக்காது. காரணம், உடம்பை உறைய வைக்கும் டோபமின் பஞ்சம் வேறு, மூக்கை மங்க வைப்பது வேறு. ஒரு டச்சுக் குழு 2004-இல் இறந்த நோயாளிகளின் முகர்குமிழைத் திறந்து பார்த்தபோது, டோபமின் செல்கள் குறைவதற்குப் பதில் ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தன. டோபமின் பஞ்சத்தை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரை நடையைத் தேற்றினாலும் மூக்கைத் தேற்றுவதில்லை என்பதும் இதோடு பொருந்துகிறது. ஆக, ஒரு மாதிரி ஒரு கேள்விக்குப் பொருந்துமா என்பதைத் தோலும் வாலும் முடிவு செய்வதில்லை. உள்ளே எதைக் கெடுத்தோம் என்பது முடிவு செய்கிறது. எம்பிடிபி ஏறிய மனிதன் முகர்விழப்புக்குத் தவறான மாதிரி. மனித சைனுக்ளினைச் சுமக்கும் சுண்டெலி அதைவிடச் சரியான மாதிரி. இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்தரப்பால் விழுங்க முடிந்தால் பாதிச் சண்டை முடிந்தது.

சோதனைகளையும் கேலி செய்கிறார்கள். ‘பிஸ்கட் தேடும் எலியை வைத்து மூளை நோயா?’ கேலிக்கு ஏற்ற காட்சிதான். ஒரு ராத்திரி வயிற்றைக் காயப்போட்ட சுண்டெலியைப் பெட்டியில் விடுகிறார்கள். தரையில் பரப்பிய சீவலுக்குக் கீழே ஒரு துண்டு தீனி. எத்தனை வினாடியில் தோண்டி எடுக்கிறது என்று கடிகாரம் ஓடுகிறது. மனித சைனுக்ளினை அதிகம் சுரக்கும் ஒரு சுண்டெலி இனம், நடையில் பெரிய முடக்கம் வராத இளவயதிலேயே, தீனியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுத்தது. கால் தளர்ந்ததால் தாமதமா, பசி இல்லையா என்ற சந்தேகத்துக்கும் வழி வைத்திருந்தார்கள். அதே தீனியைக் கண்ணுக்குத் தெரியும்படி மேலே வைத்தார்கள். உடனே ஓடி எடுத்தது. கால் சரி, பசி சரி, மூக்குதான் சரியில்லை.

இதை நினைவாற்றல் சோதனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேரன் பெயரை மறந்த பாட்டிக்குச் சமமாக எலியிடம் எதைக் கேட்பது? தண்ணீர்த் தொட்டியில் போட்டு, மறைந்திருக்கும் மேடையை நீந்திக் கண்டுபிடி என்கிறார்கள். நீச்சல், பயம், குளிர் எல்லாம் கலந்த பதில் வரும். மணத்தில் இரண்டு இனங்களிடமும் கேட்பது ஒரே கேள்வி: தெரிகிறதா, முன்னதற்கும் இதற்கும் வேறுபாடு தெரிகிறதா? சொல்லப்போனால் எலிச் சோதனைதான் சுத்தம். மனிதர்களுக்கு உலகெங்கும் நடத்தும் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் 40 சுரண்டல் வாசனைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் ரூட் பியர் என்ற அமெரிக்கக் குளிர்பானமும் சதகுப்பை போட்ட வெள்ளரி ஊறுகாயும் உண்டு. பெருங்காயத்தையும் மல்லிகையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மதுரைக்காரர் இவற்றில் தோற்றால், தோற்றது அவர் மூக்கா, வினாத்தாளா? அந்தச் சோதனையை ஊர் ஊருக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. சுண்டெலிக்கு அந்தத் தொல்லை இல்லை.

‘அப்படியானால் மனிதர்களையே நேரில் கேட்டுவிடலாமே’ என்றால், கேட்டுத்தான் பார்த்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 53 வயதுக்கு மேற்பட்டோரிடம் சோதித்தபோது 24.5 விழுக்காட்டினருக்கு முகர்திறன் குறைந்திருந்தது. தனக்குக் குறை இருப்பதாகத் தானே சொன்னவர்கள் 9.5 விழுக்காடு. பால் அடிப்பிடித்துப் புகைந்து, மற்றவர் ஓடிவந்து அடுப்பை அணைக்கும்வரை பலருக்கும் தெரிவதில்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் முகர்குமிழை வெட்டிப் பார்க்கவும் முடியாது. இறந்தபின் கிடைப்பது கடைசிக் காட்சி மட்டுமே, நாடகம் எப்படித் தொடங்கியது என்று அது சொல்லாது. சோதனைக் குழாயில் வளர்க்கும் குட்டி மூளை உருண்டைகள் அருமையான கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு மூக்கில்லை. ‘மணக்கிறதா?’ என்று அவற்றிடம் கேட்க முடியாது.

தொடக்கத்தைக் காட்டியது சுண்டெலிதான். அல்சைமருக்கான மரபணு மாற்றம் செய்த ஓர் இனத்தில், மூன்று மாத வயதிலேயே, மூளையின் மற்ற இடங்களுக்கு முன்பாக, முகர்குமிழில் அமிலாய்டு என்ற புரதம் சேர்வதையும் மண நடத்தை குழம்புவதையும் 2010-இல் டேனியல் வெசன் குழு காட்டியது. அடுத்த ஆண்டு அதே குழு இன்னும் வியப்பான ஒன்றைச் சொன்னது. அந்தத் தொடக்க நிலையில் முகர்வுப் பாதையின் நரம்புகள் சோர்ந்துபோகவில்லை, அளவுக்கு மீறிக் கத்திக்கொண்டிருந்தன. இரைச்சலில் மணம் தொலைகிறது. பிணக்கூறாய்வு எதுவும் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்காது. இன்னொரு குழு 2016-இல் திரண்ட சைனுக்ளின் இழைகளைச் சுண்டெலியின் முகர்குமிழில் மட்டும் வைத்தது. ஓராண்டுக்குள் கெட்டுப்போன புரதம் நரம்பிணைப்புகளைப் பிடித்துக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட மூளைப் பகுதிகளில் தலைகாட்டியது. எல்லா மனிதருக்கும் நோய் மூக்கில்தான் தொடங்குகிறது என்று இது நிரூபிக்கவில்லை. மூக்கில் தொடங்கினால் இப்படிப் போக முடியும் என்று நிரூபிக்கிறது. 2003-இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் ஹைக்கோ பிராக் பிணக்கூறாய்வுகளை அடுக்கி வைத்து ஊகித்த பாதை அது. ஊகத்துக்குக் கால் முளைத்தது எலியில்.

எலிவகையின் மூக்கை நம்பலாமா என்பதற்கு அண்மையில் நமக்கெல்லாம் ஒரு பொதுத்தேர்வே நடந்தது. 2020-இல் கொரோனா மணத்தைத் திருடியபோது, வைரஸ் நரம்பையே தின்கிறதா என்று உலகம் அஞ்சியது. ஹாம்ஸ்டர்களின் மூக்கில் பார்த்தவர்கள், கிருமி பிடிப்பது நரம்புச் செல்லை அல்ல, அதற்கு முட்டுக்கொடுக்கும் துணைச் செல்லை என்றார்கள். மறு ஆண்டு, இறந்தவர்களின் மூக்குத் திசுவை ஒரு குழு சிறிது நேரத்திலேயே எடுத்துப் பார்த்தது. அதே விடை.

மருந்துத் தோல்விகள் உண்மை. சைனுக்ளினைப் பிடிக்கும் இரண்டு எதிர்ப்புரத மருந்துகள், எலிகளிடம் அந்த வகைச் சிகிச்சை நம்பிக்கை தந்தபின், 2022-இல் வெளியான மனிதச் சோதனைகளில் இலக்கை எட்டவில்லை. ஆனால் அந்த மனிதர்கள் நடுக்கம் வந்து, நோய் என்று பெயர் சூட்டப்பட்டவர்கள். மூக்கு ஆண்டுக்கணக்கில் முன்னாலேயே மணியடித்துவிட்டிருக்கும். அந்த இடத்தில் கொடுத்திருந்தால் பலித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பலிக்குமா என்று கேட்கப்படவே இல்லை.

என் தரப்பிலும் குப்பை இருக்கிறது. ஒரே ஒரு தீனித் தேடலை வைத்து ‘முகர்விழப்பு’ என்று தலைப்பிடும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. முதுமையின் நோயை மூன்று மாதக் குட்டியில் மட்டும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்பவர்களையும் நம்புவதில்லை. 2014-இல் கனடாவில் ஓர் உண்மை அம்பலமானது: ஆண் ஆய்வாளரின் உடல்மணமே எலிகளுக்கு மன அழுத்தம் தருகிறது, வலிச் சோதனையின் முடிவுகள் அதனால் மாறுகின்றன. மணத்தை ஆராயப் போகிறவர் தானே ஒரு மணம் என்பதை எத்தனை ஆய்வுக்கூடங்கள் குறித்து வைக்கின்றன? மணத்தைத் துல்லியமான அளவில் ஊதி, மூச்சிழுப்பை எண்ணும் கருவிகள் இருக்கும்போது கடிகாரத்தோடு நிற்பது சோம்பல்.

எதிர்த்தரப்பின் மிக நல்ல வாதம் ஒன்றை அவர்களே கெடுத்துக்கொள்கிறார்கள். சுண்டெலிக்கு மூக்கே உலகம். தாயும் துணையும் பகையும் அதற்கு மணங்கள். எலிகளின் முகர்குமிழை அகற்றினால் அவை நடந்துகொள்ளும் விதத்தை, மனச்சோர்வுக்கு ஒரு மாதிரியாகவே ஆய்வாளர்கள் பல காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட பிராணியின் மூக்கைக் கெடுப்பது சின்னக் காரியமில்லை என்று அவர்கள் சொன்னால், என்னிடம் எதிர்வார்த்தை இல்லை. அதைச் சொல்லிவிட்டு, ஆகவே குறைந்த எலிகளில் கூர்மையான கேள்விகளைக் கேளுங்கள் என்று வாதாடட்டும், நானும் கூட நிற்பேன். அதை விட்டுவிட்டு, ‘எப்படியும் பயனில்லை’ என்ற பொய்யான சமாதானத்தில் ஒளிந்துகொள்கிறார்கள். பயன் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது கடினம் என்பதால் ஒரு தட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

2023-இல் முதுகுத்தண்டு நீரிலுள்ள கெட்ட சைனுக்ளினைக் கண்டுபிடிக்கும் சோதனையின் பெரிய முடிவு வெளியானது. பார்க்கின்சன் நோயாளிகளில் மணம் இழந்தவர்களிடம் அது 98.6 விழுக்காடு பிடித்தது, மணம் இயல்பாக உள்ளவர்களிடம் 78.3. மூக்கு சொன்னதை முதுகு நீரும் சொல்கிறது. அந்த முடிவைத் தந்த பெரிய ஆய்வின் சார்பில் இப்போது சுரண்டல் அட்டைகள் தபாலில் வீடு தேடிப் போகின்றன. நடுக்கமில்லாத, நன்றாக நடமாடும் ஒருவர் அட்டையைச் சுரண்டி முகர்ந்து, ஒன்றும் தெரியவில்லை என்று நிரப்பி அனுப்புகிறார். மேற்கொண்டு சோதித்து, கெட்ட புரதம் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறார்கள். அதற்குமேல் அவருக்குக் கொடுக்க இன்று யாரிடமும் ஒரு மாத்திரை கிடையாது. அவருடைய முகர்குமிழுக்குள் இந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று யாரிடம் கேட்பது என்பதை, எலி மூக்கைப் பழிப்பவர்கள் அவருக்கே நேரில் சொல்லட்டும்.